வாத்து போட் விடாத காடு

"டேம் கட்டியிருந்தாங்கன்னா போட்டிங்காவது போயிருக்கலாமுங்க."

என்னோடு ஒரே வண்டியில் காடு பார்க்க வந்த ஒருவர் இதை எங்கே நின்று சொன்னார் தெரியுமா? கேரளத்துச் சைலண்ட் வேலியில். சைரந்திரி காவல் கோபுரத்தின் மேல் நின்று, கீழே குந்திப்புழை ஆற்றைப் பார்த்துக்கொண்டு. எந்தப் பள்ளத்தாக்கில் டேம் வரக் கூடாது என்று வருஷக்கணக்காகச் சண்டை நடந்ததோ, அதே பள்ளத்தாக்கின் உச்சியில்.

காட்டுக்கு வண்டி கிளம்புகிற முக்காலி என்ற ஊரில் ஏறும்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். 23 கிலோமீட்டர் காட்டுப் பாதை. மனிதர் முதல் வளைவிலேயே போனில் பாட்டைப் போட்டுவிட்டார். ஹெட்செட்டா? அதெல்லாம் சுயநலக்காரர்கள் வாங்குவது. சில்வண்டு கூடக் கத்தாது, அதனால்தான் இந்தப் பெயர் என்று சொல்லிக்கொள்ளும் காட்டில் குத்துப்பாட்டு. கைடு இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். சொன்னதும் சத்தம் குறையும், அடுத்த வளைவில் மறுபடி ஏறும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே "ஒரு யானைகூடக் கண்ணுல படலியே" என்று புலம்பல் வேறு. எப்படிப் படும்? நான் யானையாக இருந்தால் மலையேறி நீலகிரியில் முக்குருத்திப் பக்கம் குடிபெயர்ந்திருப்பேன்.

அப்புறம் சிங்கவால் குரங்கு வந்தது. வந்தது என்றால் ரோட்டுக்கு இல்லை. வெடிப்பலா மரத்தின் உச்சிக் கிளையில், இலைகளுக்கு நடுவே ஒரு பிடரி. இதற்காகத்தான் நான் விடிவதற்கு முன்பே கோவையிலிருந்து கிளம்பி ஆனைகட்டி வழியாக வந்தது. இவர் பையைத் துழாவி ஒரு சிப்ஸ் பாக்கெட்டை எடுத்து, கிலுகிலுப்பை மாதிரி ஆட்ட ஆரம்பித்தார். "வாடா, வாடா ராசா!" மரத்தை விட்டு இறங்கவே யோசிக்கிற பிராணி அது. வால்பாறை புதுத்தோட்டத்தில் காடு துண்டுதுண்டாகி, ரோட்டுக்கு வந்து, ஆட்கள் தீனி போட்டுப் பழக்கி, வண்டியில் அடிபட்டுச் சாகிறதே, அந்தக் கதி இதற்கு இன்னும் வரவில்லையே என்று இவருக்கு என்ன ஏக்கமோ. குரங்குக்கு மானம் இருந்தது. போய்விட்டது.

சரி, டேமுக்கு வருகிறேன். 1973-இல் திட்டக் கமிஷனே தலையாட்டிவிட்ட மின்திட்டம் அது. சுமார் 830 ஹெக்டேர் நீருக்குள் போயிருக்கும். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கத்துக்காரர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள், பறவை ஆய்வாளர் சாலிம் அலி வேண்டாம் என்றார், மலையாளக் கவிஞர் சுகதகுமாரி மரங்களுக்காகக் கவிதை எழுதிப் போராட வந்தார். கடைசியில் திட்டத்தைக் கைவிட்டு, 1984 நவம்பரில் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அதோடு விட்டார்களா? கொஞ்சம் கீழே தள்ளி, பாத்ரக்கடவு என்று வேறொரு பெயரில் இன்னொரு அணையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதையும் தாண்டி, 2012-இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையில் 39 இடங்களுக்கு உலகப் பாரம்பரியப் பட்டம் கொடுத்தபோது இதுவும் அதில் ஒன்று. இத்தனைக்கும் தப்பித்த பள்ளத்தாக்கின் குறை என்னவென்றால், வாத்து வடிவத்தில் பெடல் போட் இல்லை!

இவ்வளவும் தெரிந்த நான் என்ன பதில் சொன்னேன்?

"ஆமாங்க" என்றேன்.

வாய் அப்படித்தான் போனது. ராத்திரி படுத்த பிறகு நாலு பிரமாதமான பதில்கள் தோன்றின. 'உங்க வீட்டுக்குள்ள தண்ணியத் தொறந்து விட்டா அங்கயும் போட்டிங் போலாங்க.' எப்பேர்ப்பட்ட பதில்! பதினொன்றே முக்காலுக்கு மனைவியை எழுப்பிச் சொன்னேன். லைட்டை அணைக்கச் சொன்னாள்.

இன்னொன்றும் செய்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். முக்காலியில் இறங்கும்போது, "ஏனுங்க, உங்க கேமராவுல அந்தக் கொரங்கு நல்லா விழுந்திருக்குதுங்களா? அனுப்பி விடுங்களேன்" என்றார். நம்பரைக் கொடுத்துப் படத்தையும் அனுப்பினேன். அனுப்பினேனே! அன்றிலிருந்து தினமும் காலை ஐந்தேகாலுக்கு வாட்ஸப்பில் ஒரு வணக்கம். ரோஜா, புறா, ஆவி பறக்கும் காப்பி. தூங்குகிற மனுஷனுக்கு எதற்கய்யா வணக்கம்? இந்தக் காலை வணக்கக் கோஷ்டியைக் கேட்க நாட்டில் ஒரு சட்டம் இல்லையா?

இன்றைக்கு வந்தது என்னுடைய சிங்கவால் குரங்கு. பிடரியைச் சுற்றி ரோஜா மாலை. கீழே மினுமினுக்கும் எழுத்தில், 'இனிய காலை வணக்கம் நண்பா'.