தெசுகாவின் தோளும் அதோபேயின் கணக்கும்

2001 முதல் 2005 வரை ஒளிபரப்பான 'தி பிரின்ஸ் ஆஃப் டென்னிஸ்' அனிமே தொடரின் 178 பாகங்களில், நான் மீண்டும் மீண்டும் பார்ப்பது ஜப்பானின் கான்டோ வட்டாரப் பள்ளிகள் போட்டியின் முதல் சுற்றில் செய்காகு பள்ளியின் அணித்தலைவன் தெசுகா குனிமிட்சுவும் ஹியோதெய் பள்ளியின் அணித்தலைவன் அதோபே கெய்கோவும் மோதும் ஆட்டத்தைத்தான். ரசிகர்களில் பலர் இதைத் தெசுகாவின் தியாகக் கதையாகவே கொண்டாடுகிறார்கள். ஆனால், இந்த ஆட்டத்தில் உண்மையில் மாறுகிறவன் அதோபேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதோபே அநியாயமாக எதையும் செய்யவில்லை. தெசுகாவின் இடது முழங்கையில் பழைய காயம் இருந்தது. அதைப் பாதுகாத்தே ஆடுவதால் சுமை முழுவதும் தோளில் இறங்கும் என்று அவன் கணித்தான். ஆட்டத்தை நீட்டினால் தோள் போய்விடும், அதற்கு அஞ்சி விரைந்து முடிக்கப் பார்த்தால் தவறுகள் வரும் என்பதே அவனுடைய கணக்கு. எதிராளியின் பலவீனத்தை நோக்கிப் பந்தை அடிப்பது டென்னிஸில் குற்றமே அல்ல. ஆனால், எல்லாம் தெரிந்தும் தெசுகா நீண்ட ஆட்டத்தையே தேர்ந்தெடுக்கிறான். அதைப் புரிந்துகொள்ளும் கணத்தில் அதோபேயின் முகத்திலிருந்து அந்த அலட்சியம் விலகிவிடுகிறது. ஆட்டம் தொடங்குமுன் விரலைச் சொடுக்கி ஹியோதெய் ஆதரவாளர்களின் கோஷத்தை அடக்கிவிட்டு, மேலாடையைக் கழற்றி வீசிய அதே பையன்தானா இவன் என்று தோன்றும்.

வெற்றியின் விளிம்பில் தெசுகாவின் தோள் கைவிட்டுவிடுகிறது. அப்போது அணிகளுக்கு இடையிலான ஆட்டங்களில் செய்காகு 2-1 என்று முன்னிலையில் இருந்தது. தெசுகா விலகி 2-2 ஆகியிருந்தாலும், முடிவைத் தீர்மானிக்கும் ஆட்டத்தை ஆட அணியின் எச்சிசென் ரியோமா மாற்று வீரனாகக் காத்திருந்தான். ஆகவே, அணியைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் அவன் ஆடினான் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளி மாணவன் ஒருவனை அந்த வலியோடு மீண்டும் களத்துக்கு அனுப்பிய பெரியவர்கள்மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

6-6 என்று சமனானதும் வெற்றியைத் தீர்மானிக்க ஆடும் டை-பிரேக் 37-35 வரை நீள்கிறது, அதாவது 72 புள்ளிகள். 1973 விம்பிள்டனில் பியோன் போர்க் நம் பிரேம்ஜித் லாலை வென்றபோது டை-பிரேக் 20-18 வரை சென்றது. அது 38 புள்ளிகள்தான். இங்கே ஏறக்குறைய இரு மடங்கு! ஒவ்வொரு புள்ளியிலும் அந்தத் தோள் உயர மறுக்க, எதிரே அதோபே சற்றும் இரக்கம் காட்டாமல் முழு வலிமையோடு அடிக்கிறான். அந்த இரக்கமின்மையில்தான் அவனுடைய மரியாதை இருக்கிறது என்று நினைக்கிறேன். பந்தைச் சற்று மெதுவாக அனுப்பியிருந்தால் அதுதான் தெசுகாவுக்கு அவமானமாகியிருக்கும்.

இறுதியில் அதோபே 7-6 என்று வெல்கிறான். வென்றவன் வலையருகே வந்து, தோற்றவனின் கையைப் பிடித்து வானத்தை நோக்கி உயர்த்துகிறான்.