மொன்றியலில் சிவப்பு விளக்கில் திரும்பாதீர்கள்

"கனடாவின் கியூபெக் மாகாணத்தில் எங்கும் சிவப்பு விளக்கில் நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம்" என்று நண்பர் எழுதியிருப்பது பாதிதான் சரி. 2003 முதல் அந்த அனுமதி உண்டு; கியூபெக் நகரத்திலும், தடைப் பலகை இல்லாத சந்திப்புகளில், திரும்பலாம். ஆனால் மொன்றியல் தீவுக்கு அது பொருந்தாது. பாலம் தாண்டியதுமே இதை நினைவில் வையுங்கள். பாதையைக் கடப்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது.

பார்க்கிங் பலகையில் 'எம்.ஏ.ஆர்.' என்ற மூன்று எழுத்துகளைக் கண்டால் மார்ச் மாதம் என்று எண்ண வேண்டாம். அது 'மார்தி', பிரெஞ்சில் செவ்வாய்க்கிழமை. ஒரே கம்பத்தில் இரண்டு மூன்று பலகைகள்கூட இருக்கும், எல்லாவற்றையும் படியுங்கள். பழைய மொன்றியல் பகுதிக்கு மெட்ரோவே நல்லது: பிளாஸ் தார்ம் நிலையத்தில் இறங்கினால் நோத்ர் தாம் பேராலயம் சில நிமிட நடைதான்.