‘ஜாக்கிரதையாக இருங்கள்’ என்று சொல்ல இவர்களுக்கு என்ன தகுதி?

தீபாவளி சீசன் வந்துவிட்டால் போதும், ஷாப்பிங் கம்பெனிகளின் தள்ளுபடி மெயில்களோடு ஒரு அறிவுரை மெயிலும் சேர்ந்து வரும். எங்கள் பெயரில் வரும் போலி மெயில்களை நம்பாதீர்கள், சந்தேகமான லிங்க்குகளைத் தொடாதீர்கள் என்று. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த அறிவுரைக்குக் கீழேயே ‘மேலும் அறிய இங்கே தொடவும்’ என்று பளிச்சென்று ஒரு பட்டன் வைத்திருப்பார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் பட்டனைத் தொட்டுவிடாமல் விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால், அது எங்கே போகிறது என்று போன் காட்டும். கம்பெனியின் பெயர் இருக்க வேண்டும் அல்லவா? பல நேரம் இருக்காது. யாரோ ஒரு மார்க்கெட்டிங் நிறுவனத்தின் முகவரி இருக்கும், அதன் வாலில் எண்ணும் எழுத்துமாகக் கலந்து நாலு வரிக்கு ஒரு குப்பை. யார் தொட்டார்கள், எத்தனை மணிக்குத் தொட்டார்கள் என்று கணக்கெடுக்க வைத்திருக்கிற ஏற்பாடு அது. மோசடிக்காரன் அனுப்புகிற லிங்க்கும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். முகவரியைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள் என்று பாடம் எடுக்கிறவர்களே, பார்த்தாலும் ஒன்றும் விளங்காத முகவரியை அனுப்பினால் எதைப் பார்த்துத் தொலைப்பது?

அவசரப்படுத்தும் மெயில் என்றால் உஷாராக இருக்க வேண்டுமாம். அதையும் இவர்களேதான் சொல்கிறார்கள். ‘இன்னும் 2 மணி நேரம்தான்!’, ‘உங்கள் கார்ட்டில் உள்ள பொருள் தீரப்போகிறது!’, ‘கடைசி வாய்ப்பு!’ இதையெல்லாம் வருஷம் முழுக்க அனுப்பி நம்மைப் பதறப் பழக்கியது யார்? விதைத்தது இவர்கள், அறுத்துக்கொண்டு போகிறவன் இன்னொருவன்.

என் பெரியப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பொருள் வந்ததும் பணம் கொடுக்கும் முறையில் ஒரு மிக்ஸி வாங்கினார். ஜாடியில் விரிசல். திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்ச நாளில் ஒரு மெயில் வந்தது. ‘அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் பணத்தைத் திரும்பப் பெற, கீழே உள்ள லிங்க்கில் வங்கிக் கணக்கு எண்ணை உடனே பதிவு செய்யவும்.’ பெயர் கிடையாது. என்ன பொருள் என்று கிடையாது. அனுப்பிய முகவரியில் அந்தக் கம்பெனியின் பெயரோடு இரண்டு கோடும் ஏதோ ஒரு சொல்லும் ஒட்டியிருந்தது. மனிதர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், செய்தித்தாளை வரி விடாமல் படிக்கிறவர். திருட்டுப் பயல் வேலை என்று அழித்துவிட்டார். சரியாகத்தானே செய்தார்?

அது அசல் மெயில்.

பணம் வரவில்லையே என்று கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், “மெயில் அனுப்பினோமே சார், நீங்கதான் ரெஸ்பான்ஸ் பண்ணலை” என்கிறது அந்தப் பக்கம். “ஏன்மா, அது திருடன் எழுதின மாதிரில்ல இருந்துச்சு?” என்று பெரியப்பா கேட்டிருக்கிறார். “சாரி சார், மறுபடியும் லிங்க் அனுப்புறோம் சார்.” மறுபடியும் அதே லிங்க். அவர் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, இவனுங்க திருடனைப் பார்த்துக் காப்பியடிக்கிறானுங்களா, இல்ல திருடன் இவனுங்களைப் பார்த்துக் காப்பியடிக்கிறானா?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

இந்த மெயில் ஆப் செய்கிறவர்களையும் சும்மா விடக்கூடாது. அனுப்புநர் பெயர் என்பது அனுப்புகிறவன் தன் இஷ்டத்துக்கு டைப் செய்துகொள்வது. ‘அமேசான் கஸ்டமர் கேர்’ என்று நானும் போட்டுக்கொள்ளலாம், நீங்களும் போட்டுக்கொள்ளலாம். போன் திரையில் அந்தப் பெயரைத்தான் தடித்த எழுத்தில் காட்டுகிறார்கள். உண்மையான முகவரியைப் பார்க்க, பெயருக்குக் கீழே எறும்பு சைஸில் இருக்கும் அம்புக்குறியைத் தொட வேண்டும். எத்தனை பேருக்கு அது தெரியும்? பார்க்க வேண்டிய ஒன்றை ஒளித்து வைத்துவிட்டு, பார்க்கவில்லையே என்று நம்மைத் திட்டுகிறார்கள்.

மெயில் அனுப்புவதற்கான விதிமுறையை 1982-ல் எழுதினார்கள். அனுப்புகிறவன் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடே அதில் கிடையாது. பின்னாளில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று அனுப்புநரைச் சரிபார்க்கும் சோதனைகளை ஒட்டுப்போட்டார்கள். மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு அதையெல்லாம் கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் கட்டாயமாக்கின. ஆனால் இந்தச் சோதனை, மெயில் இந்த டொமைனிலிருந்துதான், அதாவது ஒருவர் இணையத்தில் தன் பெயரில் பதிவு செய்து வைத்திருக்கிற இந்த முகவரியிலிருந்துதான் வந்தது என்று மட்டும் சொல்லும். டொமைனை வைத்திருப்பவன் யோக்கியனா என்று சொல்லாது. சில நூறு ரூபாய்க்கு ஒரு டொமைனை வாங்கி, எல்லாவற்றையும் ஒழுங்காக அமைத்துக்கொண்டு, மோசடிக்காரன் ராஜநடை போட்டு உள்ளே வருகிறான்.

அந்த டொமைனைக் கண்டுபிடிக்கவும் கழுகுக் கண் வேண்டும். ஆங்கிலத்தில் சின்ன ஆர், சின்ன என் இரண்டையும் ஒட்டி எழுதினால் போன் திரையில் எம் மாதிரியே தெரியும். இன்னொரு வித்தை, உண்மையான கம்பெனி முகவரியை முதலில் போட்டு, அதன் பின்னால் ஒரு புள்ளி வைத்து, தன் டொமைனை ஒட்டுவது. நாம் இடமிருந்து படித்துப் பழகியவர்கள், முதலில் தெரிந்த பெயர் வந்ததும் திருப்தியாகிவிடுவோம். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே வருகிறது என்று பார்த்து, அதற்கு ஒட்டி இடப்பக்கம் இருப்பதைத்தான் படிக்க வேண்டும். முதலாளி யார் என்பது அங்கேதான் இருக்கிறது.

பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பான தளம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களைக் கண்டால் கும்பிடத் தோன்றுகிறது. அதற்கான சான்றிதழ் யாருக்கும் இலவசமாகவே கிடைக்கும். ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று குரோம் பிரவுசரே 2023-ல் முகவரிப் பட்டையிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டது. எழுத்துப்பிழை இருந்தால் போலி என்பதும் காலாவதியான அறிவுரை. இப்போது ஏஐ எழுதிக் கொடுக்கிறது. மோசடிக்காரனின் இலக்கணம் கம்பெனிக்காரனுடையதைவிட நன்றாக இருக்கிறது.

லிங்க்கே இல்லாத மெயிலும் வருகிறது, அதுதான் படுபாவித்தனம். ‘ரூ. 89,900 போன் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது. நீங்கள் ஆர்டர் செய்யவில்லை என்றால் உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்.’ பதறிப்போய் நாமே அழைப்போம். பணத்தைத் திருப்பித் தருகிறேன் பேர்வழி என்று, நம் போன் திரையை அவன் பார்க்கிற மாதிரி ஒரு ஆப்பைப் போடச் சொல்வான். இந்த வகை ஆப்புகளைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. அடுத்து யூபிஐ பின்னைப் போடுங்கள் என்பான். பின் போட்டால் பணம் போகும். பணம் வருவதற்கு எந்தக் காலத்திலும் பின் தேவையில்லை.

சரி, இதற்கு ஒரு வழியும் இல்லையா என்றால், மனசு வைத்தால் இருக்கிறது. ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டு, 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் எல்லாம் டாட் பேங்க் டாட் இன் என்ற முகவரிக்கு மாற வேண்டும் என்றது. கண்டவனும் வாங்க முடியாத முகவரி அது. ஷாப்பிங் கம்பெனிகளுக்கு அப்படி ஒரு கடிவாளம் உண்டா? ஆர்டருக்கு ஒரு டொமைன், விளம்பரத்துக்கு ஒன்று, சர்வேக்கு ஒன்று, சுருக்கின லிங்க்குக்கு இன்னொன்று என்று ஆளாளுக்கு இஷ்டம்போல வைத்திருக்கிறார்கள். ஒரே முகவரியிலிருந்து, லிங்க்கே இல்லாமல், ‘எங்கள் ஆப்பைத் திறந்து பாருங்கள்’ என்று ஒரு வரி அனுப்பினால் போதாதா? அமேசானில் நம் கணக்குக்குள் மெசேஜ் சென்டர் என்று ஒன்று இருக்கிறது, அவர்கள் நிஜமாக அனுப்பிய மெயில்களை அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்த வசதியை ஏன் மற்றவர்களும் செய்து, முதல் பக்கத்திலேயே வைக்கக்கூடாது? வைக்க மாட்டார்கள். அந்த இடத்தில் ஒரு ஏர் ஃபிரையர் விளம்பரம் போடலாமே.

ஏமாந்துவிட்டால் அப்புறம் ஊரே சேர்ந்து, “படிச்சிருந்தும் இப்படியா?” என்று கேட்கும். அந்த வெட்கத்தில் மறைத்துவைத்துப் பலர் நேரத்தைக் கோட்டைவிடுகிறார்கள். பணம் போனது தெரிந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. திட்டுகிற சொந்தக்காரர்களை அப்புறம் சமாளித்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் இப்போது அசல், போலி என்று பிரித்துப் பார்க்கிற வேலையையே விட்டுவிட்டோம். ஷாப்பிங் மெயிலில் எந்த லிங்க்கையும் யாரும் தொடுவதில்லை. என்ன சந்தேகம் என்றாலும் நேராக ஆப்பைத் திறந்து, ஆர்டர் பக்கத்தில் பார்த்துக்கொள்கிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இந்த மாதம் எத்தனை பேர் மெயிலைத் தொட்டார்கள் என்கிற கணக்கு சரசரவென்று இறங்கினால்தான் அந்த மார்க்கெட்டிங் மேனேஜர்களுக்கு உறைக்கும்.