சளி துப்பத் தெரியாத குழந்தைக்கு என்ன வழி?

காசநோய் என்று சந்தேகம் வந்தால் இன்றைக்கும் முதலில் கேட்பது சளியைத்தான். பெரியவர்கள் இருமி டப்பாவில் துப்பிக் கொடுத்துவிடுவார்கள். மூன்று வயதுக் குழந்தை என்ன செய்யும்? வந்த சளியை விழுங்கிவிடும். அதனால் காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில், மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையிலிருந்து அதை உறிஞ்சி எடுக்கிறார்கள். குழந்தை திமிறும். கையை அமுக்கிப் பிடித்திருக்கும் அம்மாவும் அழுவாள். இவ்வளவு பாடுபட்டும் பல நேரம் கிருமி சிக்குவதில்லை. இப்போது மலத்திலும் பார்க்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அதிலும் கிருமி வந்து விழுந்தால்தான் உண்டு. அதனால்தான் ரத்தத்திலேயே காசநோயைக் கண்டுபிடிக்கும் சோதனை வேண்டும் என்கிறேன்.

"ரத்த டெஸ்ட்தான் ஏற்கெனவே இருக்கிறதே?" என்று பலர் கேட்கிறார்கள். இருக்கிறது. அது பதில் சொல்வது வேறு கேள்விக்கு. இக்ரா என்ற அந்தப் பரிசோதனையில், ரத்தத்தோடு டிபி கிருமியின் புரதத்தைக் கலந்து, வெள்ளணுக்கள் அதை அடையாளம் கண்டு இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கிருமி எப்போதோ உள்ளே வந்திருக்கிறது என்று மட்டும் அதில் தெரியும். உலகில் சுமார் நாலில் ஒருவருக்கு அப்படி வந்திருக்கிறது, அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் அது நோயாகிறது.

கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதங்களை ரத்தத்தில் தேடும் ஆன்டிபாடி டெஸ்ட்கள் இன்னும் மோசம். அவற்றைக் காசநோய்க்குப் பயன்படுத்தவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளிப்படையாகச் சொன்னது. அதற்குள் எத்தனை பேர் இல்லாத நோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினார்களோ! எத்தனை பேர் நோயோடு வீட்டுக்குத் திரும்பினார்களோ!

எனக்கு நம்பிக்கை தருவது மரபணு வழி. நோய் முற்றும்போது வெள்ளணுக்களில் சில மரபணுக்களின் வேலை கூடும், சிலவற்றின் வேலை குறையும். ஜிபிபி5, டஸ்ப்3, கேஎல்எஃப்2 என்ற மூன்றை மட்டும் விரல் நுனி ரத்தத்தில் அளந்து பார்க்கும் பரிசோதனையை ஆய்வுகளில் சோதித்திருக்கிறார்கள். இதற்குக் கிருமியே கையில் கிடைக்க வேண்டியதில்லை. குறையும் உண்டு: சில வைரஸ் காய்ச்சல்களிலும் இதே போன்ற மாற்றம் தெரியும்.

அதனால் இது கடைசித் தீர்ப்பாக இருக்க வேண்டாம், சல்லடையாக இருந்தால் போதும். அப்படிப்பட்ட சோதனை நோயாளிகளில் 90 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும், நோயில்லாதவர்களில் 70 சதவீதத்தைச் சரியாக விலக்க வேண்டும் என்று 2014-இல் உலக சுகாதார நிறுவனம் குறைந்தபட்ச அளவுகோல் வகுத்தது. இருமலோடு வரும் 1,000 பேரில் 50 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். 45 பேர் சிக்குவார்கள், 285 பேர் வீணாகப் பயப்படுவார்கள், ஆனால் 670 பேருக்கு அடுத்த சோதனை வேண்டியதில்லை. சரி, அந்த 670-இல் நோயோடு தப்பிவிடும் 5 பேர்? இருமல் நிற்காவிட்டால் திரும்பி வாருங்கள் என்று 670 பேரிடமும் சொல்லி அனுப்புவதும் சோதனையில் சேர்த்தி.

இன்னொன்று. பெரியவர்களிடம் சரியாக வந்த பிறகு குழந்தைகளைப் பார்க்கலாம் என்று ஒத்திப்போடக் கூடாது. முதல் ஆய்விலேயே அவர்கள் ரத்தமும் இருக்க வேண்டும்.