மிட்டாயை விடுங்கள், காரைப் பாருங்கள்

அக்டோபர் பாதி தாண்டினால் போதும், எங்கள் நியூஜெர்சி தமிழ் அம்மாக்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அந்த ஹாலோவீன் ஃபார்வர்டு வந்துவிடும். அக்டோபர் 31 மாலை பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் பண்டிகை அது. ஆப்பிளுக்குள் பிளேடு, சாக்லேட்டுக்குள் ஊசி, போதை மருந்து தடவிய மிட்டாய். கீழே வரிசையாகக் கைகூப்பும் எமோஜி. 2022-ல் வானவில் நிற ஃபென்டானில் போதை மாத்திரை என்று புதிதாக ஒரு பூதம் கிளம்பியது. காசு போட்டு வாங்கிய சரக்கை ஊரார் பிள்ளைக்குப் போதை வியாபாரி எதற்கு இலவசமாகத் தரப்போகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 1974 ஹாலோவீன் இரவில், டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம், எட்டு வயதுப் பையன் ஒருவன் சயனைடு கலந்த மிட்டாய்ப் பொடியைச் சாப்பிட்டு இறந்தான். கொடுத்தது பெற்ற அப்பா, ரொனால்ட் ஓ'பிரையன். பிள்ளை பேரில் எடுத்திருந்த காப்பீட்டுப் பணத்துக்காகச் செய்த வேலை. சந்தேகம் தன் மேல் விழாமலிருக்க வேறு சில பிள்ளைகளுக்கும் அதே பொடியைக் கொடுத்திருந்தான். நல்லவேளை, அவர்கள் யாரும் தின்னவில்லை. 1984-ல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். இடையில் 1982-ல் சிகாகோ பக்கம் டைலனால் என்ற வலி மாத்திரையில் யாரோ சயனைடு வைத்து ஏழு பேர் செத்தார்கள். அதுவும் ஹாலோவீனுக்குச் சில வாரங்கள் முன்னால். மிட்டாய்ப் பையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்கும் கூத்தெல்லாம் அப்போது சூடுபிடித்ததுதான்.

டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியல் பேராசிரியர் ஜோயல் பெஸ்ட் இந்தச் செய்திகளை 1958-லிருந்து எடுத்து ஒவ்வொன்றாகத் துருவியவர். முன்பின் தெரியாதவர் கொடுத்த மிட்டாயில் விஷம் இருந்து ஒரு குழந்தை செத்தது என்று உறுதியான ஒரு வழக்குகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

சரி, குழந்தைகள் எதில் சாகிறார்கள்? கார் மோதி. 1975 முதல் 2016 வரை 42 ஹாலோவீன் மாலைகளில் அமெரிக்கச் சாலைகளில் வண்டி மோதி இறந்த பாதசாரிகள் எல்லா வயதும் சேர்த்து 608 பேர். ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் உள்ள சாதாரண மாலைகளோடு கனடா ஆய்வாளர்கள் இதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஹாலோவீனில் ஆபத்து 43 சதவீதம் கூடுதல். நான்கிலிருந்து எட்டு வயதுக் குழந்தைகளுக்குப் பத்து மடங்கு. ஆறு மணி வாக்கில்தான் உச்சம். எங்கள் பக்கம் அன்று ஆறுக்குச் சற்று முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆபீஸ் முடிந்து எல்லாரும் வீடு திரும்பும் நேரமும் அதுதான்.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளையை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். இத்தனை பெரிய நாட்டில் அது ஒரு மாலைக்கு சராசரியாக நான்கு உயிர் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் மிட்டாய் உறையை விளக்கில் பிடித்துப் பார்க்கும் அதே நாம்தான், "பிள்ளை காத்துக்கிட்டிருக்கான்" என்று ஐந்தே முக்காலுக்கு நாற்பது மைல் வேகத்தில் குடியிருப்புத் தெருவுக்குள் நுழைகிறோம். எனக்கு எரிச்சல் அங்கேதான். பெரிய எஸ்யூவியின் பானெட்டுக்கு முன்னால் நிற்கும் நாலு வயதுக் குழந்தை ஓட்டுபவர் கண்ணில் படவே படாது. டிரைவ்வேயிலிருந்து பின்னால் எடுக்கும்போதும் அதே கதை. போதாக்குறைக்குச் சிலர் நடக்கச் சோம்பல்பட்டு, பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிட்டுக் காரிலேயே பின்தொடர்கிறார்கள். தெருவை அடைத்துக்கொண்டு, ஹெட்லைட்டால் எல்லார் கண்ணையும் கூசவைத்துக்கொண்டு! பாதுகாப்பாம்.

பிள்ளைகளோடு போகும் தாத்தா பாட்டிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் பேசிவிடுகிறேன். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருப்பார்கள். நாம் ஆபீஸ் கால் முடித்து வருவதற்குள் பேரனைக் கூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். குளிருக்குக் கறுப்பு ஸ்வெட்டர், கறுப்புக் குல்லா. ஆயுள் முழுக்க முதலில் வலப்பக்கம் பார்த்துச் சாலையைக் கடந்தவர்கள். இங்கே அருகே வரும் வண்டி இடப்பக்கமிருந்து வரும். சிவப்பு விளக்கு இருந்தாலும் நின்று பார்த்துவிட்டு வலது பக்கம் திரும்பலாம் என்ற விதி அவர்களுக்குத் தெரியாது. திரும்புகிறவரோ இடப்பக்கக் கார்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். மாமனாருக்கு முந்தின நாளே அந்த முனை வரை கூட்டிப்போய்க் காட்டுங்கள். குல்லாவிலும் பிள்ளையின் பையிலும் ஒளிரும் டேப் ஒட்டுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை.

உடுப்பு விஷயத்தில் என் கட்சி இதுதான்: முகமூடி வேண்டாம், முகத்தில் வண்ணம் பூசுங்கள். ஸ்பைடர்மேனுக்குப் பக்கவாட்டில் எதுவும் தெரிவதில்லை. கவுன் கணுக்காலோடு நிற்கட்டும். தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தப் பருத்தித் துணி மாட்டிவிடும் நாம், பாலியஸ்டர் இளவரசியை மெழுகுவர்த்தி எரியும் பூசணிக்காய்ப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கிறோம். 2024-ல் இரண்டு பண்டிகையும் ஒரே நாளில், அக்டோபர் 31 அன்று வந்தன, அப்போதாவது நினைவு வந்திருக்க வேண்டும். பூசணிக்குள் பேட்டரி விளக்கு வைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

மிட்டாயில் நான் பார்ப்பது இரண்டே விஷயம். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு உறையைப் படிக்காமல் எதுவும் கூடாது. நான்கு வயதுக்குள் இருந்தால் கெட்டி மிட்டாயே வேண்டாம், தொண்டையில் அடைக்கும். வாசலில் நீலப்பச்சை வண்ணப் பூசணி வைத்திருக்கும் வீட்டில், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கென்று பொம்மை, ஸ்டிக்கர் மாதிரித் தின்பதற்கல்லாத பொருளும் கிடைக்கும். 2014-லிருந்து பரவிய நல்ல வழக்கம், நம் வாசல்களில்தான் அதிகம் காணோம்.

நியூயார்க் நகரம் 2022-லிருந்து ஹாலோவீனுக்குப் பல தெருக்களைக் காருக்கு மூடிவிட்டுப் பிள்ளைகளை நடக்க விடுகிறது. இங்கே நியூஜெர்சியிலும் டவுன்ஷிப் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, சில மணி நேரத்துக்குத் தெருவை மூட அனுமதி கேட்கலாம், அக்கம்பக்கத்தார் கையெழுத்து வேண்டும். எங்கள் தெருவுக்கு நான் விண்ணப்பம் எடுத்துவிட்டேன். கிடைக்காவிட்டாலும் ஐந்தரையிலிருந்து எட்டு வரை யாரும் காரை வெளியே எடுக்க வேண்டாம் என்று கேட்கப்போகிறேன். ஆபீஸில் இருப்பவர்கள் நாலரைக்கே கிளம்புங்கள், இல்லையென்றால் எட்டுக்கு மேல் வாருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை கையெழுத்துக்கு வருகிறேன். காபி வேண்டாம், பேனா மட்டும் எடுத்து வையுங்கள்.