தாடை ஓரத்தில் உணர்ச்சி இல்லை

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியில் உள்ள அடைப்பை நீக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாளில் வீடு திரும்பலாம் என்று அதைப் பற்றி நான் படித்த கட்டுரை சொல்வது உண்மைதான். என் அப்பாவும் மறுநாளே எழுந்து நடந்தார். ஆனால் அடுத்த வாரங்களைப் பற்றியும் எழுதியிருக்கலாம். காது மடலிலிருந்து தாடை வரை அவருக்கு மரத்துப்போயிருந்தது. சவரம் செய்யும்போது பிளேடு கீறியதே தெரியவில்லை. சட்டைக் காலரில் ரத்தத்தைப் பார்த்து அம்மாதான் அலறினார். அன்றே மின்சார ரேசர் வாங்கினோம். உணர்ச்சி திரும்பச் சில மாதங்கள் ஆகலாம். குரல் கம்மலும் வரலாம், பெரும்பாலும் சரியாகிவிடும். ரத்த அழுத்தத்தை மட்டும் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். கடும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, கழுத்து வீங்கி மூச்சுத் திணறல் என எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.