கோப்பைக்குள் கை கழுவாதீர்கள்

சாப்பிட்டு முடித்ததும் கதிரையை விட்டு எழும்பாமலே, செம்புத் தண்ணீரைச் சாப்பாட்டுக் கோப்பைக்குள் ஊற்றி, அதிலேயே விரல்களை அலசிவிட்டுப் போகும் பழக்கம் எங்கள் வீடுகளில் இருக்கிறது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது. அப்பா செய்தார், பெரியப்பா செய்தார், என் பதினொரு வயது மகனும் அதைப் பழகப் பார்த்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கோப்பையை எடுத்துப் போய்க் கழுவியவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். மிச்சம் விட்ட சோறு தண்ணீரில் ஊறி உப்பிப்போய் மிதக்கும். சொதியின் மஞ்சளும் குழம்பின் எண்ணெயும் மேலே படையாக நிற்கும். அடியில் மீன் முள்ளு, முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலை. வழியில் சிந்தாமல் குசினிவரைக்கும் கொண்டுபோக வேண்டும். அப்படியே கவிழ்த்தால் சிங்க் அடைத்துவிடும். அதனால் கையை விட்டு அள்ள வேண்டும். ஒருவர் கடித்த மாம்பழத்தை இன்னொருவர் 'எச்சில்' என்று தொடாத ஊர் இது. குசினியில் நிற்கிறவளுடைய கைக்கு மட்டும் அந்த எச்சில் இல்லையா?

அதைவிட எனக்கு மனம் பொறுக்காதது வேறொன்று. தண்ணீர் ஊற்றிய அந்தக் கணத்தோடு அந்தச் சோறு ஒன்றுக்கும் உதவாமல் போய்விடுகிறது. தண்ணீர் படாமல் இருந்திருந்தால் கோழிக்குப் போட்டிருக்கலாம். படலையடியில் படுத்திருக்கும் நாய்க்கு வைத்திருக்கலாம். வாழையடியில் கிடங்கு வெட்டிப் புதைத்தால்கூடப் பசளையாகும். கை கழுவிய தண்ணீரில் சவர்க்கார நுரையும் சேர்ந்துவிட்டால் நாயும் முகராது.

போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு எங்கள் வீட்டில் பதினொரு பேர். கனடாவிலிருந்து மச்சாள் குடும்பம், கொழும்பிலிருந்து என் கணவரின் சித்தப்பா குடும்பம். கொடியேறினால் 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை, மரக்கறிதான். மரக்கறிச் சாப்பாடு என்றால் சமையல் சுலபம் என்று நினைக்கிறவர்கள் குசினிக்குள் வந்ததில்லை. ஐந்தாறு கறி, சொதி, அப்பளம், மோர்மிளகாய். ஒரு நாளைக்கு 33 கோப்பை, அதற்கு மேல் சட்டி, தாச்சி, தேத்தண்ணிக் கப்புகள். நான் வேலைக்குப் போகிறவள். விடிய நாலு மணிக்கு எழும்பி, இரவு பதினொரு மணிக்குக் கடைசிச் சட்டியைக் கவிழ்த்து வைத்தேன். 

மச்சாளின் மகனுக்குப் பதினாறு வயது. வந்த முதல் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கோப்பையில் கிடந்த கறிவேப்பிலையையும் செத்தல் மிளகாயையும் ஒரு ஓரமாக ஒதுக்கி, கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தான். "மாமி, குப்பை எங்க போடுறது?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் விறாந்தையிலிருந்து என் மாமியாரின் குரல் வந்தது: "அப்பன், அதை அங்க வை. ஆம்பிளைப் பிள்ளை கோப்பை கழுவுறதே? மாமி பார்ப்பா."

அவன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்துவிட்டேன். அடுத்த நாள் மேசையிலேயே வைத்துவிட்டு எழும்பினான். ஒரு கிழமைக்குள், எல்லோரையும் பார்த்து அவனும் கோப்பைக்குள் கை கழுவத் தொடங்கிவிட்டான். மச்சாள் தனியாளாக அங்கே பனிக்குள் வேலைக்கு ஓடி ஓடி அந்தப் பிள்ளைக்குப் பழக்கியதை, நாங்கள் ஒரு கிழமையில் அழித்துவிட்டோம். அன்றைக்கு நான் வாய் திறந்திருக்க வேண்டும். இன்றுவரைக்கும் அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

என் மாமியாரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அவர் கலியாணம் முடித்து வந்த காலத்தில், துலாவால் தண்ணீர் அள்ளி, கிணற்றடியில் குந்தியிருந்து சாம்பலும் பொச்சும் வைத்து ஒரு கூட்டுக் குடும்பத்தின் பாத்திரம் முழுவதையும் தேய்த்தவர். அவருக்கு யாரும் உதவவில்லை. உதவலாம் என்று ஒருவருக்கும் தோன்றியதும் இல்லை.

ஆனால் ஆம்பிளைகள் கோப்பை கழுவிய காலம் ஒன்று எனக்கு நல்ல நினைவு. 1995 ஒக்டோபர் 30. போர் நெருங்க, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. சாவகச்சேரிக்கு அங்கால் ஒரு வீட்டின் பத்தியில் நாங்கள் பதினான்கு பேர் இருந்தோம். எங்களிடம் மூன்று கோப்பைதான். முதல் மூன்று பேர் சாப்பிட்டுக் கழுவிக் கொடுத்தால்தான் அடுத்த மூன்று பேருக்குச் சாப்பாடு. அப்பா தான் சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி, வேட்டித் தலைப்பால் துடைத்து, பக்கத்தில் காத்திருந்த தங்கச்சியிடம் கொடுத்ததை நான் கண்ணால் கண்டேன். பெரியப்பாவும் கழுவினார். ஒருவர்கூடக் கோப்பைக்குள் கை கழுவவில்லை, ஒருவர்கூட ஒரு பருக்கை மிச்சம் விடவில்லை. அடுத்த ஆள் கண் முன்னால் பசியோடு இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த வருடம் வீடு திரும்பினோம், கோப்பைகள் கூடின, அப்பாவும் பழையபடி செம்பை எடுத்தார். அந்தப் பத்தியில் முடிந்தது வீட்டில் முடியாமல் போனதற்கு ஒரு காரணத்தை இன்றுவரைக்கும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

மிச்சம் விடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பானையில் மிஞ்சுவது வேறு, கோப்பையில் மிஞ்சுவது வேறு. பானையில் மிஞ்சிய சோற்றுக்கு அம்மம்மா இரவில் தண்ணீர் ஊற்றி வைப்பா. காலையில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு பழஞ்சோறு சாப்பிடுவோம். மீன் குழம்பு வைத்த மண்சட்டி காலியானதும், கடைசிச் சோற்றை அந்தச் சட்டிக்குள்ளேயே போட்டு, ஒட்டியிருக்கும் குழம்பெல்லாம் வரும்படி வழித்துக் குழைப்பா. பேரப்பிள்ளைகள் சுற்றியிருந்து கையை நீட்டுவோம். உருண்டை உருண்டையாகக் கைக்கு வரும். தனிக் கோப்பையில் சாப்பிட்டதைவிட அந்த உருண்டைக்குத்தான் எங்களுக்குள் சண்டை. எல்லாம் முடிய அந்தச் சட்டியைப் பார்த்தால் பாதி கழுவினது மாதிரி இருக்கும். ஒரு பிடி சாம்பல், ஒரு செம்புத் தண்ணீர், அவ்வளவும் போதும்.

அந்தச் சாம்பலும் சும்மா இல்லை. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் காபனேற்று இருக்கிறது. அது சட்டியில் ஒட்டிய எண்ணெயோடு சேர்ந்து சவர்க்காரம் மாதிரி வேலை செய்யும். எங்கள் தண்ணீருக்குச் சாம்பல்தான் தோதானது என்றுகூடச் சொல்வேன். குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட, அதனால் சவர்க்காரம் இலேசில் நுரைக்காது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அதுதான். நுரை வரவில்லை என்று இன்னும் கொஞ்சம் சவர்க்காரம், அதைப் போக்க இன்னும் கொஞ்சம் தண்ணீர் என்று போய்க்கொண்டே இருக்கும். வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத ஊர் இது. வழுக்கியாறும் மாரிக்கு மட்டும்தான். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குவதற்குத் தாளையடியில் ஒரு நிலையத்தையே கட்டி 2024 இல் திறந்தார்கள். இப்படிப்பட்ட ஊரில், காய்ந்து ஒட்டிய ஒரு கோப்பைக்காக மூன்று தரம் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறேன். கோபம் வராதா?

கழுவும் தொல்லைக்கு ஊர் கண்டுபிடித்த வழி லஞ்ச் சீற். கோப்பையின் மேல் மெல்லிய பொலித்தீனை விரித்துச் சாப்பாட்டைப் போடுவது, முடிந்ததும் மிச்சச் சோறு, கறி, கடதாசி எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டி எறிவது. சாப்பாட்டுக் கடை தொடங்கி அந்தியேட்டி வீடுவரைக்கும் இதுதான் நடக்கிறது. கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து வீடுகளையும் ஆட்களையும் மூடிய அதே 2017 இல், செப்டெம்பர் 1 முதல் லஞ்ச் சீற்றைத் தடை செய்தார்கள். இப்போதும் எத்தனை இடத்தில் அது என் முன்னால் வருகிறது! சோற்று மணத்துக்கு மாடு அந்தப் பொலித்தீனையும் சேர்த்து மெல்வதைக் குப்பை கொட்டும் கல்லுண்டாய்ப் பக்கம் போகும்போது பாருங்கள். வாழையிலை கொல்லைக்குள் நிற்கிறது. அதை வெட்டுவதற்குத்தான் எங்களுக்குப் பஞ்சி.

பரிமாறுகிறவர்களிலும் பிழை இருக்கிறது, என்னையும் சேர்த்து. வேண்டாம் என்று கையை மறித்தாலும் "இன்னும் ஒரு அகப்பை" என்று போட்டால்தான் எங்களுக்கு உபசரித்த திருப்தி. சின்னப் பிள்ளைக்குப் பெரிய ஆள் அளவு போட்டு, அது பாதியில் எழும்பினால் ஏசுவது. ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியும் விற்றதே, அந்தத் தேங்காயைத் திருவிப் பிழிந்து வைத்த சொதியைக் குளம்மாதிரி ஊற்றுவது. 2022 இல் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4860 ரூபாய்க்குப் போனபோது, அதுவும் கிடைக்காமல் வரிசையில் நின்றவர்கள்தானே நாங்கள். மழையை நம்பி வருடத்தில் ஒரு போகம் மட்டும் விளையும் மண்ணில் இருந்துகொண்டு, சோற்றைக் கேட்டுக் கேட்டுப் போடுவதில் என்ன வெட்கம்? அதனால் இப்போது எங்கள் வீட்டில் சோற்றுச் சட்டியும் கறிகளும் மேசைக்கு வந்துவிடும். வேண்டியதை அவரவர் போட்டுக்கொள்ளலாம்.

தைப்பொங்கலிலிருந்து எங்கள் வீட்டில் அவரவர் கோப்பை அவரவருக்கு. கையைக் குழாயில் கழுவ வேண்டும். முள்ளும் சக்கையும் ஒரு வாளிக்கு, சோறு இன்னொரு வாளிக்கு. மகன் இரண்டு நாளில் பழகிவிட்டான். என் கணவர் முதல் கிழமை இரண்டு தரம் மறந்தார். மறந்த கோப்பையை நான் தொடவில்லை. இரவு சாப்பிட வரும்போது அது அதே இடத்தில் காய்ந்துபோய்க் கிடந்தது. சோற்றின் மாப்பொருள் காய்ந்தால் பசைதான். சின்ன வயதில் பட்டம் ஒட்ட நாங்கள் எடுத்ததும் அதே சோறுதானே. அரை மணித்தியாலம் ஊறப்போட்டுச் சுரண்டினார். "இவ்வளவு ஒட்டுமோ?" என்று கேட்டார். பதினாறு வருடமாக ஒட்டுகிறது என்று சொன்னேன். அதன் பிறகு அவர் மறக்கவில்லை.

மாமியார் மூன்று மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. தன் மகன் சிங்க்கடியில் நிற்பதைப் பார்க்க அவருக்கு மனம் கேட்கவில்லை, அது எனக்கு விளங்குகிறது. ஒருநாள் பின்னேரம் அவருக்குப் பக்கத்தில் இருந்து, எங்கள் அப்பா வேட்டித் தலைப்பால் கோப்பை துடைத்த கதையைச் சொன்னேன். கன நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இடம்பெயர்ந்து மட்டுவிலில இருக்கேக்க உங்கட மாமாவும் கழுவினவர்தான், பிள்ளை" என்றார்.

இந்த வருடமும் கொடியேற்றத்துக்கு மச்சாள் குடும்பம் வருகிறது. மருமகனுக்கு நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பினேன். குப்பை வாளி குசினிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்றும், போன வருடமே அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.